ஃபிரெடியின் முட்டிக்கு ஒரு காவடி

12 ஜூன் 1994, ஞாயிறு

ஃபிரெடி இன்று திடலை ஒரு சுற்று ஓடினான். நொண்டவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்து வலது முட்டியைத் தட்டிக் காட்டினான். நான் பூட்ஸ் கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை ரோஸ்லான் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்கு என்னை ஓட்டியிருப்பான்.

ஏப்ரலில் ஜொகூர் அணியோடு விளையாடும்போது அந்த முட்டி திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் இனி ரக்பியை மறந்துவிடு என்றார். அன்று சாயங்காலமே நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய் மாரியம்மன் முன்னால் நின்று சொல்லிவிட்டேன். அவன் மறுபடி விளையாடினால், ஆடித் திருவிழாவில் முதுகில் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று. ஃபிரெடி கத்தோலிக்கன். அவன் அம்மா அருளம்மா ஆன்ட்டி ஒரு பக்கம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் சொல்லிவைப்பது நல்லதுதானே. ஆஸ்பத்திரியில் அவனிடம் சொன்னபோது அழுதேவிட்டான். "எனக்காவா காளி? பைத்தியமாடா உனக்கு?" என்றான்.

ஆமாம், பைத்தியம்தான். ஆறு வருஷமாக மலாக்கா அணியின் முன் வரிசையில் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன், நடுவில் ரோஸ்லான். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தலை கவிழ்த்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் நடு ஆளைத் தாங்குவது எங்கள் இரண்டு பேர் வேலை. ரோஸ்லான் முதுகுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் என் கை போய் ஃபிரெடி சட்டையைப் பிடிக்கும். அவன் கை வந்து என் சட்டையைப் பிடிக்கும். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பிடி இருந்தால் எவன் வந்தாலும் வரட்டும் என்று இருக்கும்.

என் பெண்டாட்டி பவானியிடம் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "மாடுங்க செய்ற வேலைய மனுசங்க செய்றீங்க, அதுக்கு ஒரு கோச் வேற" என்றாள்.

26 ஜூன், ஞாயிறு

நாளையிலிருந்து விரதம். இன்று மத்தியானம் கடைசியாக நண்டுப் பிரட்டல். சட்டியை வழித்துத் தின்றேன்.

3 ஜூலை, ஞாயிறு

இன்று பயிற்சிக்குப் பிறகு எங்கள் கோச் ஹாஷிம் சார் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். அக்டோபரில் ஆசியப் போட்டி நம் நாட்டில், தலைநகர் கே.எல்.லில். ஜெயிக்கிற நாடு அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக்குப் போகும். நாம் போகப்போவதில்லை, ஜப்பான்காரன், கொரியாக்காரன் எல்லாம் இருக்கிறான். ஆனால் மலேசியா என்று நெஞ்சில் எழுதிய சட்டை போடலாம். ஆகஸ்ட் இருபதாம் தேதி தேர்வு. மலாக்காவிலிருந்து, நடு ஆளைத் தாங்குகிற எங்கள் இடத்துக்கு, இடமோ வலமோ, ஒரே ஒரு ஆளைத்தான் அனுப்ப முடியுமாம்.

சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். ஃபிரெடி என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான். "ராசா, நீதாண்டா" என்றான்.

தோட்டத்து கிளப் வேலிக்கு வெளியே நின்று துரைமார்கள் விளையாடுவதைப் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. பந்து வெளியே வந்தால் எடுத்து எறிவோம்; அவ்வளவுதான் அன்றைக்கு எங்களுக்கு ரக்பி. இன்று இருபத்தெட்டு. இந்தத் தடவை விட்டால் அந்தச் சட்டை கனவில்தான். இதை நோட்டில் எழுதக்கூட பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும் என்று.

15 ஜூலை, வெள்ளி

எடை இறங்குகிறது. ஃபேக்டரியில் ஃபோர்க்லிப்டிலிருந்து இறங்கும்போது கால்சட்டை நழுவுகிறது. "மலை மாதிரி ஆளு, கீரையத் தின்னு தின்னு மண்மேடு ஆயிட்டீங்க" என்கிறாள் பவானி.

அருளம்மா ஆன்ட்டி எனக்கென்று புதுச் சட்டி வாங்கியிருக்கிறார். கறி மீன் படாத சட்டி. வாரம் ஒருநாள் அதில் சாம்பார் வைத்துக் கொடுத்தனுப்புகிறார். "என் மவனுக்காவ விரதம் இருக்க, உனக்கு நான் பொங்கிப் போடலைன்னா யாரு போடுவா?" என்றார். சாம்பார் என்னவோ சுமார்தான். சொல்லவில்லை.

17 ஜூலை, ஞாயிறு

தோட்டத்துத் திருவிழா ஆகஸ்ட் பதினான்கு என்று கோயில் தலைவர் தங்கையா மாமா சொல்லிவிட்டார். தேர்வு இருபதாம் தேதி. நடுவில் ஆறு நாள் இருக்கிறது. அலகு குத்தின இடம் மூன்று நாளில் ஆறிவிடும், விபூதி வைத்தால் வடு கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் எத்தனை பேர் குத்தியிருக்கிறார்கள்.

ஹாஷிம் சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று ஃபிரெடியைக் கேட்டேன். "வேணாம் லா. அவருக்கு இதெல்லாம் தெரியாது, பயந்துடுவாரு. முதுகுல கொக்கின்னா ஆஸ்பத்திரி கேஸ்னு நெனச்சுக்குவாரு. ஏதாவது கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றான். சரிதான். அவன் எப்போதும் என்னைவிட விவரமானவன்.

24 ஜூலை, ஞாயிறு

ஃபிரெடி விளையாடினான். நெகிரி அணியோடு நட்பு ஆட்டம், முழு ஆட்டமும். முதல் ஸ்க்ரம்மில் ரோஸ்லான் முதுகுக்குப் பின்னால் கை நீட்டினேன். அவன் கை ஏற்கெனவே அங்கே இருந்தது.

அம்மா கொடுத்துவிட்டாள். இனி என் பங்குதான் பாக்கி.

7 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அங்கிருந்து நேராகப் பயிற்சிக்கு.

பயிற்சி முடிந்து ஹாஷிம் சார் என் தோளில் கை போட்டுத் தனியாக நடத்திக்கொண்டு போனார். ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "ஃபிரெடி எல்லாம் சொன்னான். தாக் அப்பா லா, பரவாயில்லை காளி. மதம்தான் முதலில். அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று மலாயில் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டேன். முதுகில் துளை போடப்போகிறாய், ஒரு மாதத்துக்கு மேல் இறைச்சி தொடவில்லை, எடை போய்விட்டது, ஸ்க்ரம்மில் நிற்க முடியாது — நீயே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அவனிடம் சொல்லச் சொன்னாயாமே என்றார்.

தேர்வுக்குப் பேர் அனுப்பியாகிவிட்டது. ஃபிரெடி பேர்.

நான் சொல்லச் சொன்னேனா? நானா?

திடலில் தேடினேன். அவன் அதற்குள் கிளம்பிவிட்டான்.

8 ஆகஸ்ட், திங்கள்

வேலை முடிந்து காடியை ஓட்டிக்கொண்டு, ஃபேக்டரி இருக்கிற ஆயர் குரோவிலிருந்து நேராகக் குருபோங்கில் ஃபிரெடி வீட்டுக்குப் போனேன். ஃபிரெடி வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை.

"சார்கிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமா."

"சொல்லாதன்னு சொன்னவனே நீதானடா."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? குத்திக்கப் போறியா இல்லியா? எட எறங்கிடுச்சா இல்லியா?"

"யாருக்காவன்னு சொன்னியா?"

துணியைப் பிழிந்தான். மறுபடியும் நனைத்தான். மறுபடியும் பிழிந்தான். "எனக்கு முப்பத்தொண்ணு ஆயிடுச்சு காளி. உனக்கு இன்னும் சான்ஸ் வரும். எனக்கு வராது. அதுவும் இல்லாம, காவடி எடுன்னு நான் கேட்டேனா? நீயா போயி வேண்டிக்கிட்டே."

கையை ஓங்கிவிட்டேன். ஓங்கின கையில் மஞ்சள் காப்பு. கை அப்படியே நின்றுவிட்டது. காப்புக் கட்டினவன் யாரையும் அடிக்கக் கூடாது, வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. அவனுக்கும் அது தெரியும். ஆறு வருஷமாக எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தவன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து ஆன்ட்டி, "யாரு, காளியாப்பா? உள்ள வா, சாம்பார் இருக்கு" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. வேலை இருக்கிறது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவன் சொன்னது எல்லாம் உண்மைதான். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட சாரிடம் போய் இல்லை என்று சொல்லலாம். பொய் ஒன்றே ஒன்றுதான், நான் சொல்லச் சொன்னதாகச் சொன்னது. அதை நிரூபித்து என்ன ஆகப்போகிறது?

நோட்டில் எழுதினால் விரதம் கெடுமா? தெரியவில்லை. துரோகி. எழுதிவிட்டேன். துரோகி. துரோகி. கெட்டால் கெடட்டும்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

ஹாஷிம் சார் வாத்தியாராக இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லச் சொல்லவில்லை, காயம் மூன்று நாளில் ஆறிவிடும் என்றேன். அவர் கையிலிருந்த நோட்டை மூடினார். துளை போட்ட முதுகோடு ஒரு ஆளை அனுப்பி, அங்கே புண் சீழ் வைத்தால் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிறகு சொன்னார்: "நீதான் என் முதல் ஆள், காளி. காவடி எடுக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு. பேரை மாற்றிவிடுகிறேன்."

10 ஆகஸ்ட், புதன்

பவானி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "எடுக்காதீங்க. அந்த ஆளுக்காவா உங்க முதுகக் கிழிச்சுக்கணும்?"

"அம்மாகிட்ட சொன்னதாச்சே."

"அம்மாவுக்குக் கண்ணு இல்லியா? அவ பாத்துக்கிட்டுதானே இருக்கா. அடுத்த வருசம் எடுங்க. சாமி எங்கியும் ஓடிடாது. கே.எல். போற பஸ்தான் ஓடிடும்."

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் காவடி எடுக்காவிட்டால் அந்த முட்டி? அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. போகட்டுமே. திடலில் எல்லார் முன்னாலும் மடங்கி விழட்டுமே. நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. நல்ல சந்தோஷம். சோறு இன்னும் ஒரு பிடி சேர்ந்து இறங்கியது.

இதைத்தான் நினைக்க நினைக்கப் பயமாக இருக்கிறது.

12 ஆகஸ்ட், வெள்ளி

கேன்டீனுக்குப் பக்கத்தில் இருக்கிற போனில் ஹாஷிம் சார் வீட்டுக்கு அடித்தேன். அவர் மனைவி எடுத்தார். இருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். சார் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

ஃபிரெடி ஆஸ்பத்திரியில் அழுதது ஞாபகம் வந்தது, அதனால் வைத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. அவன் ஞாபகம் வந்தால் இன்னும் இரண்டு தடவை போன் அடித்திருப்பேன். நான் நினைத்தது வேறு. முட்டியைக் கேட்டேன், மாரியம்மா முதலில் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு, காரியம் ஆனதும் நீயா கொடுத்தாய், நானா கேட்டேன் என்று கையை விரித்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

பவானியிடம் சொன்னேன். அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் என் வேட்டியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் போட்டிருக்கிறாள்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

எடுத்துவிட்டேன்.

ஆற்றங்கரையில் உறுமி மேளம் காதைப் பிளந்தது. தங்கையா மாமா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, குத்துவதற்கு முன்னால் எல்லாரையும் கேட்பதுபோல என்னையும் கேட்டார். "யாருக்கு வேண்டுதல்? பேரச் சொல்லு." என் அம்மா பேரைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பவானி பேரை. "ஃபிரெடி" என்றேன். மேளச் சத்தத்தில், சத்தமா சொல்லுப்பா, அம்மாவுக்குக் கேக்கணும் என்றார். இரண்டாவது தடவை சொன்னதுதான் வலி. கொக்கியெல்லாம் ஒன்றுமே இல்லை.

பால் வடிக்கிற கித்தா மரங்களுக்கு நடுவில் ஊர்வலம் வந்தபோது பாதையோரமாக அருளம்மா ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு குடம். எங்கள் பெண்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, தானும் குனிந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அவர் வயதுக்கு அது தகாது. என்னால் தடுக்க முடியவில்லை, இரண்டு கையும் காவடியில் இருந்தது. தலை நிமிர்ந்தபோது அவர் முகம் எல்லாவற்றையும் சொன்னது. மகன் செய்தது யார் மூலமோ அவருக்குத் தெரிந்துவிட்டது. கோயில் வரை பக்கத்திலேயே நடந்து வந்தார். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: "அவனுக்கு நான் சோறு போட்டுக்கிட்டுதான் இருக்கேன் காளி. பேசறதுதான் இல்ல."

20 ஆகஸ்ட், சனி

இன்று கே.எல்.லில் தேர்வு. சட்டையைக் கழற்றி பவானியிடம் முதுகைக் காட்டினேன். விரலால் தடவித் தடவித் தேடினாள். "ஒண்ணுமே இல்லீங்க. கொசு கடிச்ச அளவுகூட இல்ல" என்றாள். பிறகு அவளே அழுதாள். என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

4 செப்டம்பர், ஞாயிறு

ஃபிரெடியை மலேசிய அணியில் எடுத்துவிட்டார்கள்.

6 செப்டம்பர், செவ்வாய்

தமிழ்ப் பேப்பரில் படத்தோடு வந்திருக்கிறது. கேன்டீன் கமலவேணி அக்கா அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, "உன் கூட்டாளிதானே காளி? உனக்குத்தான் பெருமை" என்று ஒரு கிளாஸ் தே தாரிக் டீ இலவசமாகக் கொடுத்தார். குடித்தேன். எல்லாரும் வந்து கை குலுக்கினார்கள். எனக்குத்தான் வாழ்த்து. இதைவிட என்னை யாராவது செருப்பால் அடித்திருக்கலாம்.

26 அக்டோபர், புதன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ரோஸ்லான் விடவில்லை. லீவு போட்டுவிட்டு அவன் காடியில் கே.எல். போனோம். கூட்டம் அதிகமில்லை.

இரண்டாம் பாதியில் ஃபிரெடியை இறக்கினார்கள். நெஞ்சில் மலேசியா. நான் பந்தைப் பார்க்கவில்லை. ஸ்கோர் பலகையைப் பார்க்கவில்லை. அவன் வலது முட்டியை மட்டும் பார்த்தேன். ஓடியது. மடங்கியது. நிமிர்ந்தது. ஒரு ஸ்க்ரம்மில் மொத்த பாரமும் அவன் பக்கம் சரிந்தபோது முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் எழுந்து நின்றான். சும்மா எழுந்து நின்றான், முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நாம் படுதோல்வி. ரோஸ்லான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அம்மா, சொன்ன வாக்கை நீ காப்பாற்றிவிட்டாய். நானும் காப்பாற்றிவிட்டேன். அப்புறம் ஏன் நான் மட்டும் மேலே கேலரியில் உட்கார்ந்திருந்தேன்?

30 அக்டோபர், ஞாயிறு

கோப்பை ஜப்பானுக்கு. அவர்கள்தான் தென்னாப்பிரிக்கா போகிறார்கள். நாம் யாரும் எங்கும் போகவில்லை.

நவம்பர், தீபாவளி நாள்

வருஷா வருஷம் முதல் ஆளாக வருகிற ஃபிரெடி, மத்தியானத்துக்கு மேல்தான் வந்தான். அருளம்மா ஆன்ட்டியும் கூட வந்தார். பவானி இரண்டு பேருக்கும் முறுக்கும் ஆட்டுக்கறியும் வைத்தாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தான். துவைத்து மடித்திருந்தது. "இது உனக்குத்தான் காளி" என்றான். நான் கை நீட்டவில்லை. மேசை ஓரத்தில் வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னை சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன், "ஒரு தடவகூட வலிக்கல டா" என்றான்.

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒருவேளை அழுதிருப்பேன். அவன் கறி நன்றாக இருக்கிறது என்றான்.

கிளம்பும்போது பவானி சட்டையை அதே பையில் போட்டு ஆன்ட்டி கையில் கொடுத்தாள். "உங்க மகன் மறந்து வச்சிட்டுப் போறாரு ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி பையை வாங்கிக்கொண்டார்.

11 டிசம்பர், ஞாயிறு

புது சீசன், முதல் பயிற்சி. இரவு பெய்த மழையில் திடல் சேறு. எடை திரும்பிவிட்டது. ஹாஷிம் சார் வழக்கம்போல அடுக்கினார். இடப்பக்கம் நான், நடுவில் ரோஸ்லான், வலப்பக்கம் ஃபிரெடி.

தலையைக் கவிழ்த்தோம். என் கை ரோஸ்லான் முதுகைச் சுற்றிப் போய், அவன் சட்டையைப் பிடித்து, அங்கேயே நின்றுகொண்டது. அதற்கு மேல் போகவில்லை. நான் நிறுத்தியதாகக்கூட ஞாபகம் இல்லை. ஃபிரெடியின் கை மட்டும் பழையபடி வந்து என் முதுகைப் பிடித்தது, அலகு குத்தியிருந்த அதே இடத்தில். அங்கே ஒன்றும் வலிக்கவில்லை. அது எப்போதோ ஆறிவிட்டது.

தள்ளினோம். வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போய், மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். மறுபடி கட்டினோம். மறுபடியும் விழுந்தோம். ஹாஷிம் சார் ஓடி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆறு வருஷமாக நின்ற முன் வரிசை. இன்று ஏன் நடுவில் திறந்துகொள்கிறது?" என்று கேட்டார்.

ஃபிரெடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையில் இருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்தேன்.